வாரன்ட்டி உள்ள நிழல்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடல் தாண்டிப் போனவர்களாக இருக்கிறார்கள். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. அரக்கோணத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. போன புரட்டாசியில் ஐந்து நாள் ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன். அங்கே நான் பார்த்ததில் முக்கால்வாசி ஒரு துணி.

அந்தத் துணி என் மச்சான் தனசேகரனுடையது. என் மனைவி சுமதியின் அண்ணன். வயது அறுபத்து மூன்று. மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிடங்கைக் காலமெல்லாம் கவனித்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். "தனியா இருக்காதீங்கப்பா, இங்க வந்துடுங்க" என்று அவள் வாராவாரம் சொல்வாள். யார் தயவிலும் இருக்க மாட்டேன் என்று இவர் வாராவாரம் பதில் சொல்வார். வாயால் சொன்னதை மகள் நம்பவில்லை என்பதால் ஒரு வேனை வாங்கினார். கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து, இனி இதுதான் என் வீடு, எங்கே வேண்டுமானாலும் நிற்பேன், யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன் என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பின் உச்சிதான் துணி. வண்டியின் இடப்பக்கம், கூரையை ஒட்டி நீளமாக ஓர் உருளை. பொத்தானை அழுத்தினால் அதற்குள் சுருண்டிருக்கும் துணி வெளியே வரும். இரண்டு அலுமினியக் கைகள் முழங்கையை நீட்டுவது போல விரிந்து அதைத் தாங்கும். துணியின் மேலே காகிதம் போல மெல்லிய சோலார் தகடுகளைப் பட்டை பட்டையாகப் பதித்திருந்தார்கள். கீழே நிழல், மேலே மின்சாரம். விற்ற கம்பெனி அதைச் 'சோலார் ஆனிங்' என்றது. நான் படுதா என்றேன். மச்சானுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

படுதாவோடு தடிமனான ஒரு பராமரிப்புப் புத்தகமும் வந்திருந்தது. என்னென்ன செய்யக் கூடாது என்பதுதான் அதில் பெரும்பகுதி. சோப்புப் போடக் கூடாது. ஈரத்தோடு சுருட்டக் கூடாது. காற்றில் விரித்து வைக்கக் கூடாது. மூட்டுகளில் எண்ணெய் விடக் கூடாது, சிலிகான் ஸ்ப்ரே மட்டும்தான் அடிக்க வேண்டும். இதில் எதை மீறினாலும் வாரன்ட்டி போய்விடும். மச்சான் முக்கியமான பக்கங்களை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"எங்கண்ணன் தனியா மலைக்குப் போவுதாம். சுகர்காரங்க. கூடப் போய்ட்டு வாங்க" என்றாள் சுமதி. மச்சானும் போன் செய்தார். "மாப்ள, நீங்க சும்மா ரெஸ்ட் எடுக்க வாங்க. வர்றப்ப உங்க டூல்ஸ் பையையும் எடுத்துக்குங்க."

புரட்டாசி என்பதால் வாணியம்பாடியைக் கடக்கும்போது வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். பிரியாணி வாசனை அதையும் தாண்டி உள்ளே வந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆலங்காயத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ சொல்வதற்குள் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர். "எக்ஸ்ரே வண்டி வந்துகீது, இன்னிக்கி கேம்பு போல" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டி, எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

"இது எக்ஸ்ரே வண்டி இல்லைங்க. இது என் வீடு" என்றார் மச்சான்.

பெரியவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "வூடா? அப்ப ஏன் ஊர் ஊரா இஸ்துக்கினு போறீங்க?"

மச்சான் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்தது அந்த எரிச்சலில்தான் என்று நினைக்கிறேன்.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டிக்குள் பாத்திரங்கள் இடம் மாறின. புளிய மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிளை நீட்டியிருந்தன. ஒவ்வொரு கிளைக்கும் மச்சான் நிறுத்தினார். நான் இறங்கி, உருளைக்கும் கிளைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்துச் சொன்னேன். பின்னால் வந்த பேருந்தின் கண்டக்டர் இறங்கி வந்து, "சார், நீங்க நடந்தே போறதுன்னா வண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காவலூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனதும் சாலையோரம் ஒரு சாமைக் கொல்லையும் அதை ஒட்டிக் கட்டாந்தரையும் தெரிந்தன. கொல்லைக்காரி ராணிக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் குடகுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். கொல்லை, இரண்டு பசுக்கள், ஒரு பழைய மொபெட் எல்லாம் அவள் பொறுப்பு. வண்டியை இங்கே நிறுத்தலாமா என்று கேட்டோம். "நிறுத்திக்குங்க சார். சாமை மேல மட்டும் ஏத்திடாதீங்க" என்றாள்.

அங்கே ஒரு பெரிய பலா மரம் இருந்தது. அரக்கோணத்தில் அப்படி ஒரு நிழல் இருந்தால் அதற்குள் நான்கு கடை வைத்திருப்பார்கள். வண்டியை அதன் கீழே நிறுத்திப் படுதாவை விரித்தோம். கட்டிலில் காலை நீட்டியிருப்பேன். "மாப்ள, கரண்டே வரல" என்றார் மச்சான். போய்ப் பார்த்தேன். மின் அளவு காட்டும் பெட்டியில் சைபர்.

"மரத்தடியில சோலார் எப்படி மச்சான் வேலை செய்யும்?"

வண்டியைக் கிளப்பி, மரத்தை விட்டு வெளியே கொண்டுபோய், கட்டாந்தரையின் நடுவில் நல்ல வெயிலில் நிறுத்தினோம். படுதாவை மறுபடி விரித்தோம். அது தந்த நிழல் பலா மரத்தின் ஒரு கிளை அளவுக்கு இருந்தது. ராணி புல்லுக் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெழல்ல இருந்த வண்டிய வெயில்ல இஸ்துக்கினு வந்து, அதுக்கு மேல நெழல் போடறீங்க. இன்னாண்ணா இது?"

"சோலார் ஆனிங்மா" என்றார் மச்சான்.

"ஆணியா? எங்க அடிக்கணும்?" என்று கேட்டாள் அவள், உதவுகிற எண்ணத்தோடுதான்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் பராமரிப்பு தொடங்கியது. தகடுகளில் உப்புப் படியக் கூடாது என்பதால் டிஸ்டில்டு வாட்டரில்தான் துடைக்க வேண்டுமாம். மச்சான் அதைக் கேன் கேனாகக் கொண்டுவந்திருந்தார். குடிக்கும் தண்ணீர் முதல் நாளே தீர்ந்துவிட்டதால் ராணியின் கிணற்றில் பிடித்துக்கொண்டோம். ஆக, நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்தோம், படுதா டிஸ்டில்டு வாட்டரில் குளித்தது. நான் ஏணியில் நின்று மெத்தென்ற துணியால் ஒரே திசையில் துடைத்தேன். மச்சான் கீழே நின்று லேமினேட் அட்டையை வாசித்தார். கடைசிப் பட்டையை முடித்து இறங்கியதும் ஒரு காக்கை வந்து முதல் பட்டையில் எச்சமிட்டது. மறுபடி ஏறினேன்.

பத்து மணிக்குக் காற்று வந்தது. பொத்தானை அழுத்திச் சுருட்டினோம். காற்று நின்றது, விரித்தோம். மறுபடி காற்று, மறுபடி சுருட்டினோம். மலையில் காற்றடிக்கும் என்பதை அந்தப் புத்தகத்தை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மதியத்துக்குள் நான்கு முறை. அந்த நிழலில் நாற்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்தது மகளுக்கு அனுப்பப் படம் எடுத்த நேரம் மட்டும்தான்.

இத்தனை முறை போய் வந்ததில் ஒரு கை கிறீச்சிட ஆரம்பித்தது. சிலிகான் ஸ்ப்ரேயை மச்சான் அரக்கோணத்திலேயே மறந்துவிட்டிருந்தார். தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயை எடுத்து மூட்டில் ஊற்றினார்.

"எண்ணெய் கூடாதுன்னு போட்டிருக்கே மச்சான். மண்ணு ஒட்டிக்கும்."

"அது மெஷின் ஆயில சொல்றான் மாப்ள. இது நேச்சுரல்."

கிறீச் சத்தம் நின்றது. அவர் என்னை வென்றுவிட்ட மகிழ்ச்சியில் இருந்தார். மதியம் ராணி சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்து வைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்த மச்சான், கேட்காமலே வந்ததால் சாப்பிட்டார். சாமைச் சோறு அரிசிச் சோற்றைப் போலத் தட்டில் சரியாது, உதிர் உதிராக நிற்கும். ரசத்தை இழுத்துக்கொண்டு இன்னும் ஊற்று என்று கேட்கும். பிறகு அவள் கொடுத்த சீத்தாப்பழத்தில் மூன்றை மச்சான் ஒரே மூச்சில் முடித்தார். நான் பார்த்ததைப் பார்த்து, "அதான் ஊசி போட்டுக்கறேனே" என்றார். காலையிலும் மாலையிலும் அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மருந்து அந்தக் குட்டி ஃப்ரிட்ஜில் இருந்தது. படுதாவே ஃப்ரிட்ஜுக்காகத்தான், ஃப்ரிட்ஜே இன்சுலினுக்காகத்தான் என்று அவர் சொல்வார்.

பிற்பகல் வெயில் நன்றாக அடித்தது. பேட்டரி நிறைந்துவிட்டது. நிறைந்த பேட்டரியைப் பார்த்தால் நான் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவேன். மச்சானுக்கு அது தாங்கவில்லை. "இவ்ளோ கரண்ட்டு வேஸ்ட்டாப் போவுதே" என்று ஃப்ரிட்ஜின் திருகைக் கடைசி எண் வரைக்கும் திருப்பிவிட்டார். மாலையில் தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது அது கல்லாக இருந்தது. அவர் அதைக் கையில் தட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். சற்று நேரத்தில் மருந்துப் பெட்டியையும் வெளியே எடுத்துக்கொண்டு வெயில் படும் இடத்தில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன். "லேபிள் ஈரமாயிடுச்சி" என்றார்.

மூன்றாம் நாள் பீமன் அருவிக்குப் போவதாகத் திட்டம். படுதாவில் பனி ஈரம் காயாததால் சுருட்ட முடியவில்லை, சுருட்டாமல் வண்டியை எடுக்க முடியாது. அருவி கிடையாது என்று ஆயிற்று. தேங்காயெண்ணெய் ஊற்றிய கை, பிசைந்த மாவைப் போல மண்ணை வாரிப் பூசிக்கொண்டு பாதியில் நின்று நின்று அசைந்தது. ஸ்ப்ரே வாங்கிவர நான் பேருந்தில் ஜமுனாமரத்தூர் புறப்பட்டேன். மச்சான் வரவில்லை. தாகமாக இருக்கிறது, அசதியாக இருக்கிறது என்றார். காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். மலைக் காற்று என்று நினைத்தேன்.

பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், மடியில் தேன் பாட்டில்களோடு. "ராணி கொல்லையில ரெண்டு பேரு வந்துகீறாங்க. தெனம் ஒரு துணிய தொடைக்கிறாங்களாம், சுருட்டறாங்களாம், மறுபடி விரிக்கிறாங்களாம்" என்றாள் ஒருத்தி. "வேண்டுதலா இருக்கும்" என்றாள் மற்றவள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜமுனாமரத்தூர் கடைக்காரரிடம் சிலிகான் ஸ்ப்ரே இல்லை. எதற்கு என்று கேட்டார். கை மடங்கவில்லை என்றேன். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேங்காண்ணெ தடவுங்க" என்றார்.

வெறுங்கையோடு திரும்பும் வழியில் மழை பிடித்தது. மலை மழை அறிவித்துவிட்டு வருவதில்லை. நான் இறங்கி ஓடியபோது படுதா விரிந்தபடியே இருந்தது. நடுவில் தண்ணீர் தேங்கித் தொட்டிலைப் போலத் தொங்கியது. கழியால் அடியிலிருந்து தள்ளினேன். அதற்குள் மண் பூசிய கை ஒரு முனகலோடு வளைந்தது. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, பிறகு கருகும் வாசனை வந்தது, பிறகு எதுவும் இல்லை. இவ்வளவும் நடக்க, வண்டிக்குள் மச்சான் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பிச் சொன்னேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அப்படியா மாப்ள" என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்தார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். படுதாவுக்கு ஒன்று என்றால் தூங்குகிற மனிதர் அல்ல அவர்.

நான்காம் நாள் காலை அவர் வாந்தி எடுத்தார். வாய் உலர்ந்து நாக்குக் குழறியது. மூச்சு வேகமாக வாங்கியது. சர்க்கரை பார்க்கும் கருவியைத் தேடி எடுத்தேன். திரை இருட்டாக இருந்தது. வண்டியில் ஒரு வீட்டையே ஓட்டும் பேட்டரி இருந்தது. இந்தச் சின்னக் கருவியில் பொத்தான் அளவு பேட்டரி செத்துப் போயிருந்தது. வேறு பேட்டரி இல்லை. முப்பது வருடமாகப் பேட்டரி விற்கிறவன் நான்.

செல்போனில் சிக்னல் இல்லை. வண்டியை எடுக்கலாம் என்றால் படுதா உடைந்த இறக்கையைப் போல விரிந்து நின்றது. அப்படியே ஓட்டினால் முதல் மரத்திலேயே மாட்டிக்கொள்ளும். பையிலிருந்து ரம்பத்தை எடுத்தேன். சத்தம் கேட்டு ராணி வந்தாள். மச்சானின் முகத்தைப் பார்த்தாள்.

"இத்த அறுத்துட்டா வண்டி போவுமாண்ணா?"

"போகும். ஆனா ஒரு மணி நேரம் ஆகும்."

உள்ளேயிருந்து மச்சான் குழறினார். "கை வெக்காதீங்க மாப்ள... வாரன்ட்டி போய்டும்."

"ஆளு போய்ட்டா வாரன்ட்டி வருமா?" என்றாள் ராணி. மொபெட்டைக் கொண்டுவரப் போய்விட்டாள்.

அந்த மொபெட் பால் கேன்களுக்குப் பழகியது. ராணி ஓட்ட, நடுவில் மச்சானை உட்கார வைத்து, பின்னால் நான் ஒட்டிக்கொண்டேன். அவர் சாய்ந்துவிடாமல் இருக்க ராணி ஒரு துண்டால் அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். மச்சான் கனமான ஆள். ஏற்றத்தில் மொபெட் மூச்சு விடத் திணறியது. இரண்டு இடத்தில் நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடினேன். வளைவுகளில் அவர் தலை ராணியின் தோளில் மோதியது. "தூங்காதீங்க சார், பேசிக்கினே வாங்க. உங்க பொண்ணு பேரு இன்னா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் சொன்னார். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது பதில் வரவில்லை. அவர் முதுகில் என் நெற்றியை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. சுமதியிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று அந்தச் சாலை முழுவதும் யோசித்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை.

ஜமுனாமரத்தூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ் அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். கருவியில் எண் வரவில்லை. இங்கிலீஷில் எச், ஐ என்று இரண்டே எழுத்து வந்தது. கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். மச்சான் அரைக் கண்ணால் அதைப் பார்த்து, "ஹாய் சொல்லுது" என்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டர் இளம் பெண். கேள்விகளை ஒதுக்கிவிட்டு முதலில் டிரிப்ஸ் ஏற்றினார், ஊசி போட்டார், எங்களை வெளியே நிற்கச் சொன்னார். ராணி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். மாடு கறக்கவில்லையே என்று கேட்டேன். "பக்கத்துக் கொல்லைக்காரங்க கறந்துக்குவாங்க" என்றாள்.

மதியத்துக்கு மேல் அவர் தெளிந்தார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு விசாரித்தார்.

"இன்சுலின் ஒழுங்காப் போட்டீங்களா?"

"ரெண்டு வேளையும் போட்டேன் டாக்டர்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல."

"உறைஞ்சுபோச்சா?"

மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். "லேசா."

"லேசான்னா?"

"கட்டியா இருந்திச்சி. வெயில்ல வெச்சி உருக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு தடவ உறைஞ்சா அந்த மருந்தத் தூக்கிப் போட்டுடணும் சார். ரெண்டு நாளா நீங்க போட்டுக்கிட்டது தண்ணி மாதிரிதான். அதுக்கு மேல சீத்தாப்பழம் வேற."

நர்ஸ் புது மருந்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "இந்தக் குளிருக்குப் பிரிச்ச மருந்து வெளியவே ஒரு மாசம் தாங்குங்க. வெயில் படாம வெச்சிக்கினா போதும். ஃப்ரிட்ஜ் எதுக்கு?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வண்டி, பேட்டரி, துணி, மோட்டார், இரண்டு அலுமினியக் கைகள், புத்தகம், கேன் கேனாகத் தண்ணீர் எல்லாம் ஒரு விரலளவு மருந்துக்காக மலை ஏறியிருந்தன. அந்த மருந்துக்கு ஒரு மூலை போதும் என்கிறார் நர்ஸ்.

டாக்டர் போனதும் மச்சான் என் கையைப் பிடித்தார். "மாப்ள, பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. இதக் கேட்டா டிக்கெட்டே போட்டுடுவா."

"நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க" என்றேன். "சொல்லாம இருந்ததாலதான் மச்சான் இங்க படுத்திருக்கீங்க. உறைஞ்சுபோச்சின்னு அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பேருந்துல போனவன் ஸ்ப்ரேக்குப் பதிலா மருந்து வாங்கிக்கினு வந்திருப்பேன்."

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "வெக்கமா இருந்திச்சி மாப்ள" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன்னு சொல்லிட்டு..."

மாலையில் அவரே மகளுக்குப் போன் செய்தார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. "இல்லம்மா, வண்டிக்கு ஒண்ணும் இல்ல... எனக்குத்தான்... ஆமா, தப்புதான்... ஒரு அம்மா மொபெட்ல வெச்சிக் கூட்டிக்கினு வந்தாங்க... தெரிஞ்சவங்க இல்லம்மா. யாருன்னே தெரியாது... ஒண்ணும் கேக்கல. இன்னும் வெளியதான் உக்காந்திருக்காங்க." போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிஸ்டில்டு வாட்டர் கேட்கவில்லை.

அன்று அவரை அங்கேயே படுக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை மூவரும் பேருந்தில் திரும்பினோம் என்று எழுத ஆசைதான். ராணி முந்தின நாள் மாலையே மொபெட்டில் போய்விட்டாள். பேருந்தில் வந்தது நாங்கள் இருவர். அன்று மலைப்பாதையில் இறங்கி வந்து கேட்ட அதே கண்டக்டர் மச்சானை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னா சார், இன்னிக்கி துணிக்கு லீவா?" என்றார்.

கட்டாந்தரையில் படுதா அதே கோலத்தில் நின்றது. ரம்பத்தை எடுத்தேன். மச்சான் தடுக்கவில்லை. துணியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, "இந்த போல்ட்டுலேர்ந்து ஆரம்பிங்க மாப்ள" என்றுகூடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் துணி தனியாக, கைகள் தனியாகக் கழன்று விழுந்தன. தகடுகளில் பாதி இன்னும் வேலை செய்யும். மச்சான் துணியைத் தகடுகளோடு சுத்தமாகச் சுருட்டி, ராணியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"நீங்க வெச்சிக்குங்கம்மா. மாப்ள லைட்டுக்கு ஒயர் இழுத்துக் குடுப்பாரு."

ராணி தன் வீட்டுக் கூரையைக் காட்டினாள். ஓடுகளுக்கு மேல் ஏற்கெனவே ஒரு சின்ன சோலார் தகடு இருந்தது. எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். யார் துடைக்கிறார்கள் என்று மச்சான் கேட்டார்.

"மழ பேஞ்சா அதுவே கழுவிக்கும்."

மச்சான் விடவில்லை. சாமை காய வைக்கும்போது மழை வந்தால் இதை மேலே போர்த்தலாம் என்றார். ஆனால் மடிக்கக் கூடாது, உருட்டித்தான் வைக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, காலையில் துடைக்க வேண்டும், காற்று வந்தால் எடுத்துவிட வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னார். ராணி குறுக்கே பேசாமல் மரியாதையாக முழுவதையும் கேட்டாள்.

"இவ்ளோ வேலைய இதுக்குப் பண்றதுக்கு இன்னொரு மாடே வாங்கிக்கலாம் சார். அதுன்னா பாலாவது குடுக்கும்."

மச்சான் சிரித்தார். ஐந்து நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த ரெண்டு கம்பியும் வேணா குடுங்க. அவரைக் கொடிக்குப் பந்தல் போட ஆவும்" என்றாள் அவள்.

வீட்டுப் பின்னால் அவரைக் கொடி தரையை விட்டு அப்போதுதான் எழும்பியிருந்தது. ராணி கடப்பாறையால் குழி தோண்டினாள். வளைந்த கையை நான் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினேன். மச்சான் அதைக் குழியில் நட்டுப் பிடித்துக்கொண்டார். "நேராப் புடிங்க சார், சாயுது" என்றாள் ராணி. அவர் நேராகப் பிடித்தார். அவள் மண்ணைத் தள்ளி மிதித்தாள். இரண்டாவதையும் நட்டோம். ராணி கொடியின் நுனியை எடுத்துக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாழை நாரால் தளரக் கட்டினாள்.

மச்சான் கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இதுக்கு மேல இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வாணாம். அது ஏறிக்கும்" என்றாள் ராணி.

கை கழுவத் தண்ணீர் கேட்டார் மச்சான். அவள் சொம்பில் மொண்டு ஊற்றினாள்.